வெறும் பாத்திரம் திரும்பாத ஊர்

கடலுக்கு முகத்தையும் உப்பளத்துக்கு முதுகையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சிலுவைத்துறையில், இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. சட்டி வாங்கினால் சட்டியில் நாலு நெத்திலிக் கருவாடு, தூக்குவாளி வாங்கினால் அதில் ஒரு பிடி சீனி, அதற்கும் வழியில்லாத வீடென்றால் ஒரு கொத்து முருங்கைக்கீரை, கீரையும் இல்லையென்றால் ஒரு கல் உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள், வெறும் பாத்திரம் வந்த வீட்டில் அடுப்பு கோபித்துக்கொள்ளும் என்பார்கள். இப்பேர்ப்பட்ட ஊரில்தான் ஜெனோவாவின் பாட்டை ஊரே எடுத்துக்கொண்டு போனது, எடுத்தவர்களில் ஒருத்தர்கூட ஒரு கல் உப்பைத் திருப்பி வைக்கவில்லை, அதனால் ஜெனோவாவின் பிள்ளை தூங்கிப் போனான்.

பிள்ளைக்குப் பெயர் தஸ்நேவிஸ், வீட்டில் நேவிஸ். பிறந்த நாளிலிருந்து நாலு மாதம் அவன் கண்ணை மூடினதே இல்லை, குடல் முறுக்குகிறது என்றார்கள், கண் பட்டிருக்கிறது என்றார்கள், தாய்ப்பாலில் சூடு என்றார்கள், இவ்வளவையும் சொன்னவர்களில் ஒருத்தர்கூட அரைமணி நேரம் அவனைத் தூக்கி வைத்துக்கொள்ள முன்வரவில்லை. ஜெனோவா கான்வென்ட்டில் படித்தவள், தமிழ்க் கட்டுரைப் போட்டியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள். அவள் ஒருநாள் பீத்துணி அலசிக்கொண்டே, வாயில் வந்த மெட்டில், வாயில் வந்த வார்த்தையைக் கோத்து ஒரு தாலாட்டுக் கட்டினாள்.

உப்புக் காத்தே ஓரம்போ
ஒத்தக் கண்ணு தூங்கட்டும்
ஒத்தக் கண்ணு தூங்கும்மட்டும்
மத்தக் கண்ணு காக்கட்டும்

நாலாவது அடி முடிவதற்குள் நேவிஸ் தூங்கினான். தூங்கி எழுந்து சிரித்தான். ஒரு மாதம் அந்த வீடு சொர்க்கமாக இருந்தது.

அடுத்த வீட்டு ரீத்தாவுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒன்று நிறுத்தினால் மற்றது தொடங்கும். அவள் மதில் மேல் போனை வைத்து, துணி காயப்போடுகிற சாக்கில் பாட்டைப் பதிந்துகொண்டாள், கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை, மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்த மாம்பழத்தை எடுக்கிறவள் யாரைக் கேட்பாள். அன்று காலை பத்து மணிக்கு அவள் போனைப் போட்டாள், இரட்டைகள் இரண்டும் தூங்கின. மதிலுக்கு அந்தப் பக்கம் பாயில் கால் பெருவிரலைச் சப்பிக்கொண்டிருந்த நேவிஸும் விரலை வாயில் வைத்தபடியே தூங்கிப்போனான், இரட்டைகள் எழுந்த நொடியில் இவனும் எழுந்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ரீத்தா அந்தப் பாட்டைத் தன் தங்கைக்கு அனுப்பினாள், தங்கை மூன்று தெரு தள்ளி இருக்கிறவள், அங்கே இந்தச் சத்தம் வராது. ஆனாலும் தங்கையின் பிள்ளை தூங்கினபோது நேவிஸும் தூங்கினான், அது எழுந்த பிறகே எழுந்தான். அந்தப் பாட்டு எந்த ஊரில் எந்தப் பிள்ளையைத் தூங்க வைத்ததோ, அந்தப் பிள்ளை எழுகிறவரை இவன் எழுவதில்லை. விஷயம் அவ்வளவுதான். ஊரில் யாரும் இதை ஆச்சரியமாக எடுத்துக்கொள்ளவில்லை, யாருக்காகக் கட்டின பாட்டோ அவன் தூங்குகிறான், இதில் என்ன அதிசயம் என்றார்கள்.

தங்கையிடமிருந்து அது பாடகர் குழுவுக்குப் போனது, அங்கிருந்து துறைமுகத்துக்கு, துறைமுகத்திலிருந்து வளைகுடாவில் வேலை பார்க்கிற நர்சுகளுக்கு, நர்சுகளிடமிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு. கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிற டெரன்ஸ் அதற்கு அலைச்சத்தம் சேர்த்து, மெமரி கார்டு ஏற்ற வருகிறவர்களுக்கெல்லாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஏற்றி அனுப்பினான். நேவிஸுக்கு ஏழு மாதம் ஆனபோது அவன் ஒரு நாளில் விழித்திருந்தது மூன்று மணி நேரம். எட்டு மாதத்தில் ஒரு மணி நேரம். ஒன்பதாம் மாதம், காலை பதினொன்று பத்திலிருந்து பதினொன்றரை வரை, உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஏதோ பேசி வைத்ததுபோல ஒன்றாக விழித்திருக்கிற அந்த இருபது நிமிஷம் மட்டும் விழித்தான். தூக்கத்திலேயே பால் குடித்தான், தூக்கத்திலேயே வளர்ந்தான், தூக்கத்திலேயே இரண்டு பல் முளைத்தது. அந்த இருபது நிமிஷத்தில் ஜெனோவா குளித்துக்கொண்டிருந்தாலோ காஸ் சிலிண்டர்காரன் வந்துவிட்டாலோ அன்றைக்கு அவன் அம்மாவைப் பார்க்காமலே தூங்கிப் போவான். ஒருநாள் விழித்தவன் அவளை உற்றுப் பார்த்தான், வழி கேட்டு வந்த வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல, யார் நீ என்பதுபோல. அன்றிலிருந்துதான் அவளுக்குப் பயம் வந்தது.

ஊர் அவனைப் பழகிக்கொண்டது, அதுதான் கொடுமை. மீன் விற்கிற பெண்கள் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "இன்னும் தூங்குதானா, அப்ப எங்கயோ ஒரு பிள்ளை நல்லா தூங்குது, தோத்திரம்" என்று சொல்லிப் போனார்கள். ஜெனோவாவின் மாமியார் மதலேன் மாமிக்குத் தன் பேரன் தொந்தரவு தராத பிள்ளை என்பதில் பெருமை தாங்கவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் காட்டினாள். கிரேன் ஓட்டுகிற இக்னேஷியஸ், பிள்ளையின் தகப்பன், வேலை முடிந்து வந்து பிள்ளையை நுகர்ந்துவிட்டு, "நல்லாத்தானட்டி இருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். டாக்டர் எடை பார்த்தார், உயரம் பார்த்தார், கண்ணை விரித்து விளக்கடித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. தூங்குத பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கிய. தூங்காத பிள்ளைகளோட வெளிய முப்பது பேர் நிக்காவ."

ஜெனோவா முதலில் ரீத்தாவிடம்தான் போனாள்.

"ரீத்தா, அந்தப் பாட்டை அழிச்சிரு."

"ஏட்டி, நான் என்ன ஒன் பாட்டையா எடுத்துட்டேன்? ஒன் வாயில இருந்தது ஒன் வாயிலதான இருக்கு. சட்டியை எடுத்தா சட்டி இருக்காது. பாட்டை எடுத்தா பாட்டு அங்கனயேதான கிடக்கு."

"பாட்டு கிடக்கு. பிள்ளைதான் இல்ல."

"பிள்ளை எங்க போனான், பாயில கிடக்கான்லா. குடுத்து வச்சவ நீ. என் ரெண்டும் முழிச்சிக்கிட்டா நான் கக்கூசுக்குப் போக முடியுதா, சொல்லு."

சொல்லும்போதே ரீத்தாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை ஜெனோவா பார்த்தாள், நாலு மாதம் அவள் முகத்திலும் இருந்த அதே கருப்பு, திரும்பி வந்தாள்.

பங்குச் சாமியார் அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பகிர்ந்து கொடுத்தால் பலுகும் மகளே, அஞ்சு அப்பமும் ரெண்டு மீனும் அய்யாயிரம் பேருக்குக் காணலியா என்றார்.

"அஞ்சு அப்பத்தையும் ஒரு பையன் கொண்டாந்தான் சாமி. கையை நீட்டிக் குடுத்தான். அவன் அசந்த நேரம் பாத்து யாரும் உருவல."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

பிறகு அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டெரன்ஸ் கடைக்குப் போனாள். ரீத்தாவிடம் காட்ட முடியாத கோபம், டாக்டரிடமும் சாமியாரிடமும் விழுங்கின கோபம், எல்லாம் அவனுக்காகச் சேர்ந்திருந்தது. கடையில் யாரோ ஒருத்தனுக்கு அதே பாட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன பேரு போட்டு வச்சிருக்க அதுக்கு?"

"குட்டித் தூக்கம்னு போட்டிருக்கேன்க்கா."

"யாரு பாட்டுன்னு?"

"அதையெல்லாம் யாருக்கா கேக்கா."

"நான் கேக்கேன். என் பிள்ளை பாட்டை வித்துத் திங்கியே, வெக்கமா இல்ல?"

"பாட்டுக்கு நான் அஞ்சு காசு வாங்கல. ஏத்திக் குடுக்குத கூலிதான்." டெரன்ஸ் கெட்டவன் இல்லை, கல்லறைத் திருநாளுக்கு ஆளில்லாத கல்லறைகளுக்கும் மெழுகுவர்த்தி வைக்கிறவன், ஆனால் அன்று அவனுக்கும் ரோஷம் வந்தது. "கோவப்படாம கேளுங்க. போன சனிக்கிழமை இக்னேஷியஸ் அண்ணன் புதுப்படம் ஏத்திட்டுப் போனாவ. நீங்களும் பாத்தியதான?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"அந்தப் படத்தை எடுத்தவனுக்கு வீட்டுல பிள்ளை இருக்காதாக்கா?"

ஜெனோவா பிள்ளையைத் தோளில் சரித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். படத்தை அவள் வறுத்த கடலை தின்றுகொண்டு பார்த்தாள், பாதியில் நன்றாயில்லை என்றுகூடச் சொன்னாள். வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, கட்டிலுக்கு அடியில் நகலெடுத்த நோட்ஸ் கட்டு, மேஜை உறையில் யார் வீட்டிலோ பார்த்துப் போட்ட பூவேலை, போனில் முந்நூறு பாட்டு, முந்நூறையும் கட்டினவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. எந்த ஊரில் எந்தப் பாயில் யார் பிள்ளை இவளால் கண் திறக்காமல் கிடக்கிறதோ என்று நினைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பது. முகம் தெரியாதவர்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவது. இப்படி எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு, ஆள் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, அது அந்தத் தாலாட்டின் மெட்டு.

மெட்டு அவளுடையது இல்லை. கான்வென்ட்டில், பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் சுடுகிற அறையில், சிஸ்டர் ஒடிலியா காகிதம்போல மெல்லிய மாவுத் தகட்டை வட்டம் வட்டமாக வெட்டும்போது மூக்குக்குள் முனகிக்கொண்டிருந்த மெட்டு. வட்டம் போக மிஞ்சுகிற ஓரத்துண்டுகளுக்காகப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள், ஜெனோவா ஏழு வருஷம் நின்றாள், துண்டையும் தின்றாள், மெட்டையும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை முந்திரிக்கொத்து செய்து, கட்டுரைப் போட்டியில் வாங்கின அதே டிபன் பாக்ஸில் அடுக்கி, தூங்குகிற பிள்ளையோடு பஸ் ஏறினாள். சிஸ்டர் ஒடிலியா அதே அறையில் அதே வெட்டுக்கருவியோடு நின்றாள், மூக்குக்கண்ணாடி மட்டும் புதிது.

"யாரு, துண்டு கேட்டா டப்பாவையே தூக்கிட்டு ஓடுன ஜெனோவாவா?"

"ஒரு தடவைதான் சிஸ்டர்."

"ரெண்டு தடவை. சரி, இது யாரு, பகல்ல இப்படித் தூங்குதான்?"

"அதுக்குத்தான் வந்தேன். நீங்க வெட்டும்போது பாடுவிய பாருங்க, அந்த மெட்டை எடுத்து இவனுக்குத் தாலாட்டுக் கட்டிட்டேன். ஒங்கள ஒரு வார்த்தை கேக்கல."

"நான் பாடுவேனா?" சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த அறையில பேசக்கூடாது, பாடக்கூடாது, நாப்பது வருசமா வாயைத் திறக்காம வேல செய்யுதேன். யாரு சொன்னா நான் பாடுவேன்னு?" சொல்லிவிட்டு அடுத்த தகட்டை எடுத்து வெட்டத் தொடங்கினாள், வெட்டத் தொடங்கியதும் முனகத் தொடங்கினாள், அதே மெட்டு. ஜெனோவா சிரிக்கவில்லை, அவளுக்குச் சிரிக்கிற தெம்பு இல்லை. நாலு அடியையும் அந்த முனகலின் மேல் வைத்து மெல்லப் பாடினாள். சிஸ்டரின் கை நின்றது. தன் வீட்டுச் சாமானை அடுத்த வீட்டு அலமாரியில் பார்த்தவள்போல நின்றாள்.

"மூணாவது அடியை ரொம்ப இழுக்க. இந்த இழுப்புக்கு அப்பம் கருகிப் போயிரும்."

"இந்தாங்க சிஸ்டர், நான் செஞ்சது" என்று ஜெனோவா டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாள். சிஸ்டர் ஒன்றை எடுத்துக் கடித்தாள், மென்றாள், வெல்லம் கூடிப்போச்சு என்றாள், இன்னொன்றையும் எடுத்தாள். அந்த இரண்டாவதைக் கடிக்கும்போது தோளில் கிடந்த நேவிஸ் தலையைத் தூக்கினான். மணி பன்னிரண்டே கால், அவன் விழிக்கிற நேரமே இல்லை. அறையைப் பார்த்தான், வட்டம் போன தகட்டின் ஓட்டைகள் வழியாக ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தான், அம்மாவின் மூக்கைப் பிடித்தான். பாக்ஸ் வெறுமையாகப் போகக்கூடாது என்று சிஸ்டர் அதில் ஓரத்துண்டுகளை நிரப்பிக் கொடுத்தாள், திரும்புகிற பஸ்ஸில் எழுபது நிமிஷமும் அவன் விழித்திருந்து, வெளியே காக்கையையும் உப்புக் குவியலையும் ரயில்வே கேட்டையும் பார்த்து, பார்த்த ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். சிலுவைத்துறை நிறுத்தத்தில் இறங்கும்போது தூங்கினான்.

எடுத்ததற்கு ஒன்றைத் திருப்பி வைத்தால் பிள்ளை விழிக்கிறான் என்று புரிந்துபோன ஜெனோவா நேரே ரீத்தா வீட்டுக்குப் போனாள்.

"நீ வெறும் சட்டி திருப்பிக் குடுத்திருக்கியா ரீத்தா, ஒன் ஆயுசுல?"

"என்னட்டி கேள்வி இது, எங்க வம்சத்துல கிடையாது."

"என் பாட்டை எடுத்தியே, என்ன வச்ச?"

"பாட்டுக்கு ஏதுட்டி பாத்திரம்?"

"இவன்தான் பாத்திரம். எல்லாரும் இவன்கிட்ட இருந்துதான் எடுத்துட்டுப் போறிய."

ரீத்தா தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். அவளை யாரும் அதுவரை இப்படிக் கேவலப்படுத்தியதில்லை. வாழ்க்கையில் ஒரு கடிதம்கூடச் சொந்தமாக எழுதாதவள், சத்தமாகவே கட்டினாள்: "ரெட்டைக் கோழி ரெண்டும் கத்துது, ரீத்தா இடுப்பு ரொம்பக் குத்துது." நேவிஸ் கண்ணைத் திறந்து சிரித்தான், நாற்பது நிமிஷம் விழித்திருந்தான், அவளும் அந்த நாற்பது நிமிஷமும் அந்த இரண்டு அடியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள், தன்னுடையது என்பதால்.

ஜெனோவா போய்ச் சொன்னதன் பேரில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் இதைச் சொன்னார், பாட்டை எடுத்தவர்கள் தங்கள் கையால் ஆன ஒன்றைத் திருப்பி வையுங்கள், பெரிதாக வேண்டாம், சொந்தமாக இருந்தால் போதும். ஊர் அன்று மாலைக்குள் செய்ததைச் சொன்னால் ஆத்திரம்தான் வரும். ஜெனோவாவின் போனில் அறுபத்திரண்டு ரோஜாப்பூப் படம் வந்தது, நாற்பது இனிய மாலை வணக்கம், யாரோ எழுதி யாரோ பாடின ஞானப்பாட்டு முப்பது. மிச்சம் இருநூறு பேர், அதற்குள் தெருவெங்கும் பரவிவிட்டிருந்த ரீத்தாவின் இரட்டைக்கோழியை அனுப்பி வைத்தார்கள், ரீத்தாவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, யாரோ இடுப்பு என்று மாற்றி. நேவிஸின் இமை அசையவில்லை. ரீத்தாதான் தெருவில் இறங்கி, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக, "எவ என் பாட்டை எடுத்தது? கேட்டு எடுக்கணும்னு தெரியாதா? என் பேரைப் போட்டா கை அழுகியா போவும்?" என்று இருட்டுகிறவரை சண்டை போட்டாள். ஜெனோவா வாசலில் நின்று கேட்டாள், அவள் சொல்ல வேண்டியதை ரீத்தாவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. வளைகுடா நர்சு ஒருத்தி மணல்காற்றைப் பற்றித் தானே கட்டின ஒரு அடியைப் பாடி அனுப்பினாள், நேவிஸ் பதினைந்து நிமிஷம் விழித்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருத்தி, ஒன்பது பேரை விசாரித்து விலாசம் கண்டுபிடித்து, பிள்ளைக்குக் குல்லா பின்னி அனுப்பினாள், அரை நாள் விழித்தான். வலை பின்னுகிற கஸ்பார் வந்து ஒரு புது முடிச்சுப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார், அதற்கும் கொஞ்ச நேரம் விழித்தான். எடுத்தவர்கள் எத்தனை ஆயிரமோ, திருப்பியவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். எப்போது எந்த ஊரில் எவளுக்கு மனசாட்சி உறுத்துமோ, எப்போது இவன் கண் திறப்பானோ தெரியாது, அடுப்பில் சோறு குழைந்தாலும் கதவில் ஆள் நின்றாலும் ஜெனோவா பாயைவிட்டு எழுவதில்லை, கண் திறந்தால் முதலில் தன் முகம் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவனுக்குப் பதினோரு மாதம். இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை. விழிக்கும்போதெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தாள், அம்மா, அம்மா என்று, அவன் உதட்டைப் பார்ப்பான், பார்த்துக்கொண்டே தூங்கிப்போவான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் டெரன்ஸ் வந்தான். உள்ளே வரவில்லை, நிலைக்கு வெளியே செருப்போடு நின்றான்.

"எனக்கு ஒண்ணும் உண்டாக்கத் தெரியாதுக்கா. ஏத்தத்தான் தெரியும். நாலு நாளா கடையைப் பூட்டிட்டு ஒக்காந்து பாத்தேன்." பவுடர் டப்பா ஒன்றை நீட்டினான், உள்ளே செத்துப்போன பழைய போன்களின் பொத்தான்கள், மூடியைக் கம்பியால் இறுக்கி, பிடிக்க வசதியாகச் சார்ஜர் வயரைச் சுற்றியிருந்தான். "கிலுகிலுப்பை. சத்தம் நல்லாயில்ல."

நல்லாயில்லைதான், தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். நேவிஸ் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான், அதுவரை அவன் தானாக உட்கார்ந்ததில்லை. டப்பாவை வாங்கி ஆட்டினான், கடித்தான், மறுபடி ஆட்டினான், டெரன்ஸைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், கடைசியில் அம்மாவைப் பார்த்து, கிலுகிலுப்பையை அவள் பக்கம் நீட்டி, தெளிவாக, "இந்தா" என்றான்.

"அம்மான்னு சொல்லலியே" என்றாள் மதலேன் மாமி.

ஜெனோவா வாங்கிக்கொண்டாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, விரித்தபடியே வைத்திருந்தான், சின்ன வெறும் உள்ளங்கை. அதை வெறுமையாகத் திருப்பி அனுப்ப முடியாதே என்று அவள் சுற்றிலும் தேடினாள், கைக்கெட்டும் தூரத்தில் அடுக்களை வாசலில் உப்பு ஜாடி ஒன்றுதான் இருந்தது, எழுந்து போனால் அதற்குள் தூங்கிவிடுவானோ என்ற பயத்தில் கையை மட்டும் நீட்டி ஒரு கல் உப்பை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், நாக்கு நுனியால் தொட்டான், முகம் கோணியது, வீடு அதிர அழத் தொடங்கினான். கண்ணீர் வடிய, கண் இரண்டும் அகலத் திறந்து, நாலு மாதப் பிள்ளையாக அழுத அதே அழுகை. தெருவில் கதவுகள் திறந்தன, ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள், பழக்கதோஷத்தில் விரல்கள் பாட்டைத் தேடிப்போய் நின்றன.

"ஏட்டி ஜெனோவா, பிள்ளை அழுவுதான்லா, நான் பாட்டைப் போடட்டா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரீத்தாவின் குரல் கேட்டது.

கேட்டுவிட்டாள். முதல் தடவையாக ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"போடாத ரீத்தா" என்றாள் ஜெனோவா, அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு. "அவன் அழட்டும்."